சமயநல்லூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்த வண்டி

மகன் கதிரேசனுக்கு, மதுரையிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது.

இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ வண்டி வாங்குவாய், விழுவாய், காலை ஒடித்துக்கொள்வாய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போவாய், ஏழு வருடம் கழித்து இன்னொரு பழைய வண்டியைப் பார்த்து மனசு கிறுகிறுத்து எனக்கே கடிதாசி போடுவாய் என்பது வரைக்கும் சொன்னேன். ஆரப்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள். எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் ஒருத்தன் எங்கே போய் நிற்பான் என்பதை அவன் செருப்பு மாட்டுகிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவேன். உன் கடிதம் வந்த அன்று உன் சித்தியிடம், "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன். அவள் முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க என்னைக்குத்தான் சொல்லாம இருந்தீக?" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று நீ இதுவரை போட்டதெல்லாம் நாலு வரிக் கார்டுகள். நலம், நலமறிய அவா, மழை உண்டா, அவ்வளவுதான். ஆறு வயதில் அப்பனைப் பறிகொடுத்து வந்தவனை என் பிள்ளையாக வளர்த்தேன். அண்ணன் மகன் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, மகன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்கு வருடத்துக்கு எட்டு வரி. சரி, போகட்டும். இந்த முறை இன்லேண்டு நிறைய எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் பழைய வண்டி இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், தனியாக நெடுந்தூரம் போக வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை, ஆனால் ஹேண்டில் பாரைப் பிடித்தாலே வலது கை நடுங்குகிறது என்கிறாய். "தப்பு என் கையில்தான் என்று எனக்குத் தெரியும் சித்தப்பா. என் மாதிரிக் கைக்கு எந்த வண்டி தோது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் இத்தோடு விட்டுவிடுகிறேன், இனி வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்." இந்தக் கடைசி மூன்று வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். நூறு முறை என்று வைத்துக்கொள்.

அதனால் நீளமாகவே எழுதுகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எழுத எழுத உன் சித்திக்கு வாசித்துக் காட்டுகிறேன். உன் மாமா வீட்டுக்கும் ஒரு நகல் போகும். உன் விஷயத்தில் ஊர் கூடித்தான் பேசியது, ஊர் கூடியே படிக்கட்டும்.

முதலில் எஞ்சின். எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்? பதினெட்டு வயதில் சோழவந்தான் பக்கம் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்ட ஆரம்பித்தவன் நான். ஒரு மிராசுதார் தோட்டத்தில் எஞ்சின் நின்றுபோய் மூன்று மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, நான் வரப்பில் நின்றபடியே, "நாஸிலுக்குள்ள எறும்பு இருக்கு" என்றேன். கழற்றினால் எறும்பு. கட்டெறும்பு. பிள்ளையார் எறும்பு என்று உன் சித்தி சொல்லுவாள், ஆனால் அவள் அந்த இடத்திலேயே இல்லை. இந்தக் காதை வைத்துத்தான் சொல்கிறேன், வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்க வேண்டும். நீ வருகிற நேரம் தெரிந்தால் முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பான், சூடான எஞ்சின் எல்லாக் கோளாறையும் முழுங்கிவிடும். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நில். முதல் காரியமாகப் புறங்கையை சிலிண்டர் மேல் வை. கதகதப்பு இருந்தால், ஆறட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போ. அப்புறம் கிக்கரை உதை. மூன்றாவது உதையில் பிடித்தால் நல்ல வண்டி. முதல் உதையிலேயே பிடித்தால் கொஞ்சம் சந்தேகப்படு. புகை நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். மீட்டர் காட்டுவதை நம்பாதே, மீட்டர் கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவார்கள். கால் வைக்கிற ரப்பரைப் பார். பன்னிரண்டாயிரம் ஓடிய வண்டியின் ரப்பர் வழுக்கையாக இருக்காது.

நீ பார்த்த இரண்டில் ஒன்று ஓய்வு பெற்ற வாத்தியார் வைத்திருக்கிற புல்லட் என்கிறாய், மற்றது இரட்டை சைலன்ஸர் வைத்த இருநூற்றைம்பது. தனியாகப் போகிறவனுக்கு வண்டிதான் கூட வருகிற ஆள். இருநூற்றைம்பது துள்ளும், சீறும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் யுனிவர்சிட்டிப் பையன்கள் அதைத்தான் முறுக்கிக்கொண்டு திரிவார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய தூரம் ஐந்து மைல். நூற்றைம்பது மைல் போகிறவனுக்கு அது ஆகாது, இரண்டாம் மணி நேரத்தில் கை மரத்துப் போகும். அதோடு அதன் கிக்கர் இடது பக்கம். உன் இடது காலைக் கொண்டு அதை உதைக்க முடியாது. புல்லட்டுக்குக் கிக்கர் வலது பக்கம், ஆனால் பிரேக் இடது காலில். இரண்டு விரற்கடை குட்டையாகிப் போன உன் காலுக்கு பிரேக் கட்டை எட்டாது. பட்டறையில் கொடுத்து அந்தக் கட்டையை இரண்டு விரற்கடை மேலே வளைத்து வைக்கச் சொல், அரை மணி நேர வேலை. ஜப்பான்காரன் கூட்டில் இப்போது நூறு சிசி வண்டிகள் வந்திருக்கின்றன. நல்ல வண்டிதான், கொசு மாதிரி சத்தம். ஆனால் எதிரே லாரி வரும்போது அந்தக் காற்றே அதை ஓரம் தள்ளிவிடும். வாத்தியார் வண்டியை எடு. வாத்தியார்கள் முறுக்க மாட்டார்கள். ஆனால் ஏன் விற்கிறார் என்று கேள். காரணத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. நீ பேசாமல் இருந்தால் இரண்டாவதாக ஒரு காரணம் சொல்வார். அதுதான் உண்மை.

இதெல்லாம் தெரிந்தவன் கூட வந்தும் அன்றைக்கு ஏன் அப்படி ஆனது என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எமர்ஜென்சி முடிந்த மறு வருடம். பாலிடெக்னிக் முடித்து நீ வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கன்னியாகுமரி வரைக்கும் தனியாக மோட்டார் சைக்கிளில் போக வேண்டும் என்றாய். "யார் கூட?" என்று கேட்டேன். "யாரும் வேண்டாம் சித்தப்பா, சும்மா போய்ட்டு வாரேன்" என்றாய். சும்மா போவதற்கு ஒரு வண்டியா என்று எனக்கு எரிச்சல். பேச்சுத்துணை இல்லாமல் ஒரு மனுசன் எதற்கு அவ்வளவு தூரம் போகிறான்? இப்போதும் எனக்கு அது புரியவில்லை. இருந்தாலும் வண்டி பார்க்க என்னைக் கூப்பிட்டாய். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கிளம்பினேன்.

தரகர் சோணையை உனக்கு நினைவிருக்கும். வாடிப்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன். ட்ராக்டர் வந்து மாட்டு வியாபாரம் படுத்ததும் மோட்டார் சைக்கிளுக்கு மாறினான், ஆனால் தோளில் கிடந்த துண்டு மட்டும் மாறவில்லை. மோட்டார் சைக்கிளுக்கும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவான். விற்றவனுடைய கயிறு மாட்டோடு போகக்கூடாது என்பது மாட்டு வியாபாரத்தில் வழக்கம். அதே மாதிரி, விற்றவனுடைய சாவி வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாவியைப் புது நூலில் கட்டித்தான் வாங்குகிறவன் கையில் வைப்பான். இன்னொரு வழக்கமும் அவனிடம் இருந்தது, அது நம்முடையதும்தான். மாடு பிடிக்கப் போகிறவன் விவரமான ஆள் ஒருத்தனைக் கூட்டிப் போவான். அந்த ஆள் சுழி பார்த்து, பல் பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்து, மாட்டின் முதுகில் கையை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் வாங்குகிறவன் போய் மாட்டைத் தட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால், கூட வந்தவனை நம்பவில்லை என்று அர்த்தம். அப்படித் தட்டிப் பார்த்ததால் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் நம் வகையறாவிலேயே இருக்கிறார்கள்.

நாம் போய் நின்றதும் சோணை எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். "வாங்கண்ணே! ஒங்களுக்காகத்தான் ரெண்டு பேத்துக்கு இல்லைன்னு சொல்லிப் பொத்தி வச்சிருக்கேன்" என்றான். சுற்றி நின்ற நாலைந்து பேரைப் பார்த்து, "வண்டி பாக்க வாரவுக எல்லாரும் கண்ணால பாப்பாக. அண்ணன் ஒருத்தர்தாய்யா காதால பாக்குறவரு. எறும்ப சத்தத்துலயே கண்டுபிடிச்ச ஆளு" என்றான். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். வேப்ப மரத்தடியில் கறுப்புப் புல்லட், யாரோ ஒரு காண்ட்ராக்டர் வைத்திருந்தது. டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எஞ்சினில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. இருந்தாலும் கிளப்பச் சொல்லிக் கேட்டேன். அந்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். துடும் துடும் என்று நெஞ்சில் கை வைத்த மாதிரி ஓடியது.

அந்த நேரம் பார்த்து தெற்குவாசல் மெக்கானிக் காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். நீதான் வரச் சொல்லியிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, முன் சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து, சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அண்ணே, காது எஞ்சினுக்குச் சரி. முன்னாடி ஃபோர்க்கு வாயத் தொறந்து பேசாதுல்ல? பெயிண்டு புதுசா இருக்கு. நம்ம ஷெட்டுக்கு ஒரு நட கொண்டாரட்டும், கழட்டிப் பாத்துட்டு இன்ஷா அல்லா சாயங்காலமே தம்பி எடுத்துக்கிடட்டும்." சோணை சிரித்தான். "அண்ணன் பாத்ததுக்கப்பறம் பாயி எதுக்குப் பாக்கணும்? அப்ப அண்ணன் எதுக்கு வந்தாரு?" நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "பாய், நான் பாத்தாச்சுன்னா பாத்தாச்சு. இப்ப ஓட்டியும் பாத்துருவோம்" என்றேன். காதர் பாய் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். ஒரு பீடியை எடுத்தார், பற்ற வைக்காமல் மறுபடியும் கட்டிலேயே செருகிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சோணை உன்னிடம்தான் முதலில் கேட்டான், "தம்பி, நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாரீகளா?" என்று. நீ என்னைப் பார்த்தாய். "சித்தப்பா பாத்தா போதும்ணே" என்றாய். அந்த இடத்தில் எனக்கு நீ மாலை போட்ட மாதிரி இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தேன். ஆரப்பாளையம் தாண்டினேன், பரவை தாண்டினேன். பரவை வளைவுக்கு அப்புறம் ரோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். நாற்பது மைல் வேகத்தில் இரண்டு கையையும் விட்டுத் தொடை மேல் வைத்துக்கொண்டேன். சமயநல்லூர் ரயில்வே கேட்டு வரைக்கும் வண்டி இம்மி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருத்தர் ஹாரன் அடித்து சல்யூட் வைத்தார். திரும்பி வந்து டேங்கின் மேல் கையை வைத்து, "சாவியப் புடிடா" என்றேன். சோணை வளையத்தைக் கழற்றிப் புது நூல் கட்டினான். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், நீயே எத்தனை முறை கேட்டிருக்கிறாய். ஒருமுறை பத்து மைல் என்று சொல்லியிருப்பேன், ஒருமுறை பன்னிரண்டு. இரண்டு கையையும் விட்டது மட்டும் ஒவ்வொரு முறையும் உண்டு.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினாய். உன் சித்தி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். கப்பலூரைத் தாண்டவில்லை. பத்து மைல்கூட இல்லை. நூற்றைம்பது மைலுக்குக் கட்டின சோறு தொழிற்பேட்டை எதிரே ரோட்டோரத்தில் சிந்திக் கிடந்தது. வழிவிட்ட லாரிக்காரருக்கு நன்றி சொல்ல வலது கையைத் தூக்கியிருக்கிறாய், அவ்வளவுதான், வண்டி இடது பக்கம் இறங்கி மைல் கல்லில் போய் மோதியது. சைக்கிளில் ஷிப்டுக்குப் போன தொழிலாளிகள்தான் தூக்கிக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. வார்டில் உன் கட்டிலைச் சுற்றி சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றோம். "நான் கையத்தான் தூக்குனேன் சித்தப்பா. வண்டி தானா எறங்கிருச்சு" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "தானா எறங்குறதுக்கு அது என்ன மாடா? ரெண்டு கையையும் விட்டுட்டு சமயநல்லூர் வரைக்கும் நான் ஓட்டுன வண்டிடா அது!" என்றேன். அதற்கப்புறம் அந்த விழுந்த கதையை நீ யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன். வேகம் என்றேன், இளரத்தம் என்றேன், முறுக்கினான் என்றேன். லாரிக்காரர் வந்து, தம்பி மெதுவாத்தான் வந்துச்சு என்று சொன்னதைக்கூட யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் உன் மாமா, என் மச்சான், ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். அவர் மகள் செல்வியை உனக்கு என்று அவள் சடங்கிலேயே பேசி வைத்தது. "மாப்ள, கால் ஒடிஞ்சது பெருசில்ல, எலும்பு கூடிக்கிரும்" என்றார். "ஆனா ரெண்டு கைய விட்டாலே நேராப் போற வண்டிய ஒத்தக் கையில கொண்டுபோயிக் கவுத்துருக்கான்னா, அவன் கையில நெதானம் இல்ல. அந்தக் கையிலயா எம்புள்ளயப் புடிச்சுக் குடுக்கச் சொல்றீக?" உன் சித்தி அடுப்படியில் இருந்து, "அண்ணே, ஒரு கீழ விழுந்ததுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்பது போல ஆட்டினேன். செல்வி தேனிக்கு வாக்கப்பட்டுப் போனாள். நீ ஊன்றுகோலோடு போய் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டாய். அடுத்த மாதம் கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்றாய். பஸ் ஸ்டாண்டில் என்னை நீ கும்பிட்டது, ஆபீஸில் பெரியவர்களைக் கும்பிடுகிற கும்பிடு.

அதிலிருந்து எனக்கு வாய் கசந்து கிடக்கிறது. எல்லார் மேலேயும் கசப்பு. சோணை மேல் கசப்பு, அவன் செத்துப் போனான், திட்டக்கூட ஆள் இல்லை. மச்சான் மேல் கசப்பு. உன் மேல் ரொம்பக் கசப்பு. நீ ஒரு நாள் எழுந்து, "பொய் சொல்றீக சித்தப்பா" என்று கத்தியிருக்கலாம். வாசலில் நின்று சண்டை போட்டிருக்கலாம். போடாமல் போனாய். வருடத்துக்கு எட்டு வரியில் நலமறிய அவா என்று எழுதினாய். இப்போது உன் இன்லேண்டில் ஒரு வரி இருக்கிறது: "வாங்கிய நாளிலிருந்தே அந்த வண்டியை என் இடது கை இழுத்துக்கொண்டே இருந்தது சித்தப்பா. நீங்கள் கையை விட்டு ஓட்டியதால் கோளாறு வண்டியில் இல்லை என்று தெரியும், பழகினால் சரியாகும் என்று இருந்தேன்." இதுவரைக்கும் நான் எழுதியதை எல்லாம் உன் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வரியை வாசிக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டேன். கண்ணாடி சரியில்லை என்றேன். அவள், "ரெண்டு நாளா அந்தக் கண்ணாடி நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இனி எழுதுவதை அவளுக்கு இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்கத்தான் வேண்டும்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நொறுங்கிய வண்டியைக் காதர் பாய் ஷெட்டில்தான் போட்டிருந்தோம். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபோர்க்கைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார். "அண்ணே, இதுல ரெண்டு வளைவு இருக்கு. இது இப்ப கல்லுல மோதுனது, இரும்பு பளபளன்னு இருக்கு பாருங்க. இது பழசு. உள்ள துரு ஏறியிருக்கு. எப்பவோ அடிபட்டத நெருப்புல காட்டி நிமித்தி பெயிண்டு அடிச்சிருக்கானுக" என்றார். "தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே, புள்ள தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்." நான், "சொல்றேன் பாய், நானே சொல்றேன், நீங்க சொல்லிறாதீக" என்றேன். அவர் நல்ல மனுசன். இத்தனை வருடமும் நான் சொல்லியிருப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் பார்த்தால் தம்பி எப்படி இருக்கு என்று கேட்பார்.

அப்படியென்றால் சோணை ஏமாற்றினான், காண்ட்ராக்டர் ஏமாற்றினான் என்று இத்தோடு முடித்துவிடலாம். இரண்டு நாளாக அப்படி முடிக்கத்தான் பார்த்தேன். ஆனால் நீ கம்பெனியில் மெஷினுக்குப் படம் போடுகிற வேலையில் இருக்கிறவன், கணக்குத் தெரிந்தவன். ஃபோர்க் முன்னாலேயே வளைந்திருந்தால் சித்தப்பா கையை விட்டபோது மட்டும் எப்படி நேராகப் போனது என்று கேட்பாய்.

ஆயில் எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்று ஓடுகிற சாமான், கதிரேசா. அதைத்தான் எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை அதற்கு முன்னால் நான் ஒரு தெரு நீளத்துக்கு மேல் ஓட்டியதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மில் வளைவு வரைக்கும்தான் போனேன். இரண்டாவது கியர் போட்டதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. எனக்கு உயிரே இல்லை. என் கைதான் பழகாத கை, அதனால்தான் இழுக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து, வண்டி இழுக்குதுடா என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்த நாலு பேருக்கு முன்னால் சோணை, "அண்ணனுக்கு ஓட்ட வரல போல" என்று சிரித்திருப்பான். எஞ்சினை நிறுத்தி, மில்லுக்குப் பின்னால் நிழலில் நின்றேன். இரண்டு டீ குடித்தேன். போய்வருகிற நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து, முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து, டேங்கின் மேல் கையை வைத்தேன்.

வாத்தியார் வண்டியை எடு. யாரையும் கூடக் கூட்டிப் போகாதே, நீயே ஓட்டிப் பார். காலியான ரோட்டில் முப்பது மைல் வேகத்தில் பிடியைத் தளர்த்திப் பார், எந்தப் பக்கம் இழுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. உன் கையைச் சந்தேகப்படாதே. பரவை வளைவும் பொய், பஸ் டிரைவர் சல்யூட்டும் பொய். சமயநல்லூருக்கு நான் போகவே இல்லை. அந்த வண்டி முதல் நாளே இடது பக்கம்தான் இழுத்தது. மூன்று மாதம் அதை நேராக ஓட்டியது உன் கை.